அந்நாட்டில் உங்களுக்கு உறவினர் உண்டா?

பெங்களூரில் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு கேள்வி உண்டு. காலை ஏழு மணிக்கு "காபி ஆய்த்தா?", ஒன்பதுக்கு மேல் "திண்டி ஆய்த்தா?", ஒரு மணி தாண்டினால் "ஊட்டா ஆய்த்தா?" காபி, பலகாரம், சாப்பாடு முடிந்ததா என்று. எங்கள் குடியாத்தத்திலும் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். ஆனால் அங்கே இல்லை என்று சொன்னால் கேட்டவர் உள்ளே கூப்பிட்டாக வேண்டும். இங்கே யாரும் பதிலுக்காக நிற்பதில்லை. "ஆய்த்து" என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டியதுதான். இது புரிய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. வந்த புதிதில், நான் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் ஒருவர் இப்படிக் கேட்டபோது, இரண்டு இட்லி சாப்பிட்டேன், சட்னி சற்றுப் புளித்திருந்தது என்று விவரமாகச் சொல்லத் தொடங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் தன் மேசைக்குப் போயே சேர்ந்திருந்தார். அதெல்லாம் நாற்பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது இரண்டு மாதமாக மல்லேஸ்வரத்தில் என் தெருவில் கேள்வி மாறிவிட்டது. பால் வாங்கப் போனாலும், மருந்துக் கடைக்குப் போனாலும், "விசா ஆய்த்தா?" கீழ் வீட்டு மஞ்சுநாத் ஒருவரிடம் சொன்னதுதான், எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவரும் என்னைப் போல ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். "மகளு கரஸ்கொள்தாளா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டார். மகள் வரவழைத்துக்கொள்கிறாளா என்று அர்த்தம். நான் தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்றும் ஆகாமல் இல்லை என்றும் ஆகாமல் நடுவில் ஆடியது. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

உண்மை என்னவென்றால் என் மகள் என்னோடு பேசிப் பதினாலு வருடம் ஆகிறது. அவள் இங்கிலாந்தில் லூட்டன் என்ற ஊரில் இருக்கிறாள். எனக்கு வயது எழுபத்தொன்று. சாவதற்குள் அவளை ஒரு தடவை பார்த்து, செய்தது தப்பு என்று அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சுற்றுலா விசாவுக்கு எந்த வழியில் விண்ணப்பிப்பது என்று நான் அலைந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல ஜோலார்பேட்டையைத் தாண்டி வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும் இதில் ஏதாவது உதவும்படியாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏஜெண்டிடம் போனேன். சிவாஜி நகரில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. நயீம் என்று பெயர், நாற்பது வயது இருக்கும், நல்ல தமிழ் பேசினார். "சார், மூணு வழி இருக்கு. நீங்களே ஆன்லைன்ல போடலாம், ஆனா தலைவலி. நான் போட்டுத் தரலாம், கைரேகை குடுக்க மட்டும் நீங்க போனா போதும். இல்லைன்னா குரூப் டூர்ல சேந்துடுங்க. ஓட்டல், பஸ், விசா எல்லாம் அவங்க பாத்துப்பாங்க. உங்க வயசுக்கு அதான் பெஸ்ட்டு" என்றார். நான் குரூப் டூரில் ஏற்கெனவே ஒரு முறை போயிருக்கிறேன் என்றேன். அப்போது விண்ணப்பித்த தாளின் நகலை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே, "என் பொண்ணு அங்க இருக்கா" என்றேன். அவர் விரல் ஒரு வரியில் நின்றது. "இதுல அந்த நாட்டுல உறவு யாரும் இல்லைன்னு போட்டிருக்கீங்களே?" "ஆமா." "குழந்தைங்க ஒண்ணு, பையன்னு போட்டிருக்கீங்க." "ஆமா." "அரே சார், அப்ப இல்லாத பொண்ணு இப்ப எங்கருந்து வந்தா?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. அப்ப இல்லைன்னு சொன்னீங்க, இப்பவும் இல்லைன்னே சொல்லிட்டுப் போயிடுங்க. பழசையும் புதுசையும் வெச்சுப் பாப்பாங்க. மாத்திச் சொன்னா ஏன் பொய் சொன்னேம்பான். ரிஜெக்ட் பண்ணா அப்புறம் பல வருஷம் வாசப்படி மிதிக்க முடியாது. உள்ள போயிட்டு நீங்க யாரைப் பாத்தா அவனுக்கென்ன சார்?"

அவர் சொன்னதில் தர்க்கப் பிழை ஒன்றும் இல்லை. வெளியே வந்து பேருந்து நிலையம் வரை நடந்தேன். என் வழித்தடப் பேருந்துகள் இரண்டு வந்து போயின. ஏறவில்லை. திரும்ப மாடிப்படி வரை போனேன், உள்ளே போகாமல் மறுபடி நிலையத்துக்கு வந்தேன். அன்று அந்தத் தெருவை நான்கு முறை கடந்திருப்பேன்.

அந்தப் பழைய தாளை எழுதியவன் நான்தான். ஒன்பது வருடத்துக்கு முன், எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். என் மனைவி வசந்தா எதையும் கேட்டு வாங்குகிறவள் அல்ல. அந்த ஒரு வருடம் மட்டும் லண்டன் பார்க்க வேண்டும், லண்டன் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எதற்காக என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கடைசியில் பத்து நாள் ஐரோப்பா டூருக்கு ஒத்துக்கொண்டேன். மகளைப் பார்க்கக் கூடாது, அவளுக்குத் தெரியவும் கூடாது என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டேன். உறவினர் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினேன். பிள்ளைகள் என்ற இடத்தில் மகன் பெயரை மட்டும் எழுதினேன். வசந்தாவின் படிவத்தையும் நானே நிரப்பி, கையெழுத்துப் போட மட்டும் அவளிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள். "இல்லைன்னு எழுதிட்டா அவ இல்லாம போயிடுவாளா?" என்றாள். அவள் கையெழுத்துப் போட்டாள்.

காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மகள் கல்யாணம் செய்துகொண்ட ஆனந்த் இதே பெங்களூரில் நீலசந்திராப் பையன். தமிழன்தான். அவளோடு கல்லூரியில் படித்து, அவளைவிட நல்ல மதிப்பெண் வாங்கியவன். அவன் அப்பா கட்டட வேலை செய்து இறந்துபோனவர், அம்மா ஒரு கான்வென்ட்டில் ஆயா. வேலை நிரந்தரமில்லை, அவசரப்படுகிறாள், வயது போதாது என்று ஊருக்கு நான் பல காரணங்கள் சொன்னேன். ஒரே காரணம் சாதி. நான் இந்த ஊருக்கு வந்தபோது என்னிடம் பாஸ்போர்ட் கேட்டவர் யாரும் இல்லை. காலை ரயிலில் ஏறி மத்தியானம் இறங்கினேன், அவ்வளவுதான். ஆனால் மல்லேஸ்வரத்தில் வாடகைக்கு வீடு தேடியபோது வீட்டுக்காரர் முதலில் கேட்டது, "நீவு யாவ ஜன?" நீங்கள் என்ன ஆட்கள் என்று. கன்னடம் தெரியாத எனக்கே அந்தக் கேள்வி உடனே புரிந்தது. சொன்னேன். சாவியைக் கொடுத்தார். படித்தவன், தொழிற்சாலையில் கருவிகளுக்கு நூலளவு பிசகாமல் படம் வரைந்தவன், அந்தச் சாவி எதற்காகக் கிடைத்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. என் மகள் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றபோது அதே கேள்வியை நான் தமிழில் கேட்டேன். அவன் நிமிர்ந்து நின்று பதில் சொன்னான். நான் கதவைச் சாத்தினேன்.

வசந்தா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் போன காலையில், வராந்தாவில் நான் நின்றுகொண்டிருந்தபோது, அவள் கைபேசி என் சட்டைப் பையில் அடித்தது. வெளிநாட்டு எண். மூன்று முறை அடித்தது. நான் எடுக்கவில்லை. நாலாவது முறை அடிப்பதற்குள் அணைத்தேன். காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அதிலிருந்த சிம்மை எடுத்து ஒடித்துப் போட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மகளுக்குச் சொல்லக் கூடாது என்று மகனையும் தடுத்திருந்தேன்; அவளுக்குச் செய்தி ஐந்தாம் நாள்தான் போய்ச் சேர்ந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

ஏஜெண்டைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் நானே ஆன்லைனில் நிரப்புவது என்று உட்கார்ந்தேன். அந்தப் படிவம் பொறுமை இல்லாதது. கொஞ்ச நேரம் கை வைக்காமல் இருந்தால் தானாக மூடிக்கொள்ளும், மறுபடி கடவுச்சொல் கேட்கும். பெயர், பிறந்த ஊர், அப்பா பெயர் எல்லாம் சரசரவென்று போயின. அந்நாட்டில் உங்களுக்கு உறவினர் உண்டா? உண்டு என்று அழுத்தினேன். உடனே கீழே புதிதாகக் கட்டங்கள் திறந்தன. பெயர், உறவு, பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி. இல்லை என்று அழுத்தினால் அந்தக் கட்டங்களே வராது. முகவரி என்னிடம் இல்லை. ஹைதராபாதில் இருக்கும் மகன் பிரபுவுக்குப் போன் செய்தேன். "குடுக்க மாட்டேன்ப்பா. யார் கேட்டாலும் குடுக்காதேன்னு அவ சொல்லியிருக்கா. யார்னா நீங்கதான். வேணும்னா நீலசந்திராவுல அவ மாமியாரைப் போய்க் கேளுங்க" என்றான். "நான் எப்படிடா அங்க போறது?" என்றேன். "பஸ்ல போங்க. அம்மா பஸ்லதான் போவாங்க" என்று வைத்துவிட்டான்.

அம்மா போவாங்க என்றானே, அதை என்னவென்று கேட்கத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இரண்டு நாள் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாம் நாள் பேருந்து ஏறினேன். நீலசந்திராவில் தெருக்கள் குறுகியவை. வீட்டுக்கு வீடு தண்ணீர் டிரம், ஸ்கூட்டர், துணிக் கொடி. தேவகியம்மா வீடு எது என்று கேட்டதும் மூன்று பேர் ஒரே நேரத்தில் கை காட்டினார்கள். அவர் வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும், ஒடிசலான உடம்பு. என்னை அதற்கு முன் அவர் நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் பார்த்த உடனே எழுந்துவிட்டார். முதலில் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். என் கையில் பிளாஸ்டிக் கோப்பு ஒன்று இருந்தது.

"வாங்க சம்மந்தி. பதினாலு வருஷம் கழிச்சு சம்மந்தி வூட்டுக்கு வர்றீங்க, கையில என்னா, ஜெராக்ஸா?"

முதன்முதலாகச் சம்பந்தி வீட்டுக்குப் போகிறவன் தட்டில் பழம், பூ, வெற்றிலைபாக்கு கொண்டுபோக வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். முகவரி கேட்கப் போகிறேன் என்று பாஸ்போர்ட் நகலும் பழைய விண்ணப்பமும்தான் எடுத்துப் போயிருந்தேன். ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போகிற மாதிரி போயிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அய்யோ, நிக்க வெச்சுப் பேசுறனே, உள்ள வாங்க" என்று தேவகியம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சுவரில் புத்தர் படமும், அதற்குப் பக்கத்தில் பனியில் நிற்கும் ஒரு சிறுமியின் படமும் இருந்தன. அவளுக்கு வசந்தாவின் நெற்றி. நான் பார்ப்பதை அவர் பார்த்தார். "பத்து வயசு ஆவுது. வாய் ஜாஸ்தி. உங்கள மாதிரின்னு ஆனந்து சொல்லுவான்."

விசா விஷயத்தைச் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து தன் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். அதில் இரண்டு விசா ஒட்டியிருந்தது. "நான் ரெண்டு வாட்டி போய்ட்டு வந்துட்டேன். ஏஜெண்ட்டு எதுக்கு? நம்ம பக்கத்து வூட்டுப் பொண்ணு கம்ப்யூட்டர்ல அடிச்சிச்சு, நான் சொல்லச் சொல்ல. அங்கருந்து ஒரு லெட்டர் வரணும், இவங்க எங்க அம்மா, எங்க வூட்லதான் தங்குவாங்கன்னு. அதை வெச்சா முடிஞ்சுது. நீங்க டிராயிங் ஆபீசுல இருந்தவரு, இது தெரியலையா?" என்றார். நான் கோப்பிலிருந்த பழைய தாளை அவரிடம் கொடுத்தேன். ஆங்கிலம் அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று நானே சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதை மறைக்க முடியவில்லை.

"தெரியுமே. வசந்தாம்மா அன்னிக்கே வந்து சொல்லி அழுதாங்க" என்றார். "சனிக்கிழம சனிக்கிழம வருவாங்க. உங்ககிட்ட கோயிலுக்குன்னு சொல்லுவாங்க. என் போன்லதான் பொண்ணுகூட பேசுவாங்க. அவங்க போன்ல யாருகூட பேசினாங்கன்னு நீங்க தோண்டிப் பாப்பீங்களாமே? லண்டன்ல உங்க பஸ்ஸு எந்த ஓட்டல்லருந்து எத்தினி மணிக்குக் கிளம்பும்னு எங்க ரெண்டு பேருக்கும் மனப்பாடம். அன்னிக்கு காலைல எதிர் ஃபுட்பாத்துல குழந்தைய தூக்கிக்கினு நின்னா உங்க பொண்ணு. ஒரு வயசுக் குழந்த. கிட்ட வராதேன்னு வசந்தாம்மா சொல்லிட்டாங்க. நீங்க பாத்துட்டா அப்புறம் டூரு பூரா அவங்கள வறுத்து எடுத்துருவீங்களாமே."

எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. அவள் ஜன்னல் இருக்கைதான் வேண்டும் என்று குழந்தை மாதிரி அடம் பிடித்தாள். வெளியே என்ன இருக்கிறது, வெறும் ரோடுதானே என்று நான் எரிந்து விழுந்தேன். பஸ் கிளம்பிய பிறகும் அவள் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். அவ்வளவு பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். தலையைச் சற்றுத் திருப்பியிருந்தால் போதும்.

"ரெண்டு சனிக்கிழம வசந்தாம்மா வரல. அதான் உங்க பொண்ணு பயந்துபோயி அவங்க போனுக்கே அடிச்சா. யாரும் எடுக்கல" என்றும் சொன்னார். இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னேன். நான்தான் அணைத்தேன் என்று சொன்னேன். தேவகியம்மா தன் பாஸ்போர்ட்டை மூடினார். பிறகு எழுந்து, "முகவரி நானாக் குடுக்க முடியாது. அவளத்தான் கேக்கணும். இப்ப அங்க ஆறு மணி, எழுந்திருப்பா" என்று போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். தடுப்புக்கு ஒரு திரைதான். அவர் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது. "ஆமாம்மா, இங்கதான் உக்காந்திருக்காரு... இல்ல, அழல... பேப்பர் கொண்டாந்திருக்காரு... தெரியல, நீ சொல்லு... நீ ஏம்மா அழுவுற?" வெளியே வந்து, "யோசிச்சுச் சொல்றாளாம்" என்றார். கிளம்பும்போது கீரையில் ஒரு கட்டு எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அந்த வீட்டிலிருந்து எதையாவது வாங்குவேன் என்று பதினாலு வருடத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் அவர்களையும் வாசலோடு அனுப்பியிருப்பேன்.

ஒன்பது நாள் காத்திருந்தேன். இதற்கிடையில் நயீம் இரண்டு முறை அழைத்தார், டூரில் இரண்டு இடம்தான் பாக்கி என்று. ஒரு முறை சரி என்று சொல்லிவிட்டு, கால் மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு வேண்டாம் என்றேன். "சார், நீங்க போறீங்களா இல்லையா, உங்களுக்கே தெரியல" என்றார். பத்தாம் நாள் தேவகியம்மாவின் எண்ணிலிருந்து வாட்ஸப்பில் கடிதம் வந்தது. ஒரே பக்கம், ஆங்கிலம், அலுவலகக் கடிதம் போலத் தட்டச்சு செய்தது. விண்ணப்பதாரர் என் தந்தை. முகவரி இது, பாஸ்போர்ட் எண் இது. கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். அவர் எங்கள் வீட்டில் தங்க மாட்டார், அருகிலுள்ள விடுதியில் தங்குவார்; ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் மூன்று முதல் ஐந்து மணி வரை எங்களைச் சந்திக்கலாம். கீழே கையெழுத்து. அடியில் தேவகியம்மாவின் குரல் பதிவு ஒன்று இருந்தது. "வான்னு சொல்லிட்டா. இப்பத்திக்கு அது போதும் சம்மந்தி. ஆனந்து அஞ்சு மணிய ஆறு மணியாக்கச் சொன்னானாம், அவ ஒத்துக்கல."

படிவத்தை நானே முடித்தேன். பயணத்தின் நோக்கம் என்ன, சுற்றுலாவா, குடும்பத்தைப் பார்க்கவா என்று அது கேட்டது. குடும்பம் என்பதில் புள்ளி வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். தங்குமிடம் என்ற கட்டத்தில் விடுதியின் பெயரை எழுதினேன். தனித் தாளில் ஒரு விளக்கம் சேர்த்தேன்: ஒன்பது வருடத்துக்கு முன் இதே நாட்டுக்கான விண்ணப்பத்தில் எனக்கு மகள் இல்லை என்று எழுதினேன், அது பொய், தவறு முழுவதும் என்னுடையது, என் மனைவி என் வற்புறுத்தலால் கையெழுத்திட்டார். விசா மையத்தில் கைரேகை வாங்கிய பெண் அந்தத் தாளை மட்டும் தனியே எடுத்து என்னிடம் நீட்டினாள். "அங்கிள், இது கம்பல்சரி இல்ல. இதை வெச்சா உங்களுக்குப் பிராப்ளம் ஆகலாம். வேணுமா?" என்றாள். "வேணும்மா" என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு ஸ்கேன் செய்தாள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்தாள். முடிவு தெரிய மூன்று வாரம் ஆகலாம் என்றாள். அதில் பன்னிரண்டு நாள் போய்விட்டது.

விடுதியிலிருந்து மகள் வீட்டுக்கு நடந்தால் பதினொரு நிமிடம் என்று கைபேசியின் வரைபடம் காட்டுகிறது. இந்த நாட்களில் சாயங்காலமானால் வீட்டில் இருக்க முடிவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, மணி பார்த்துப் பதினொரு நிமிடம் நடக்கிறேன். எந்தப் பக்கம் என்று கணக்கில்லை. ஒரு நாள் சம்பிகே சாலையில் பூக்கடைகளுக்கு நடுவே போய் நின்றேன், ஒரு நாள் ரயில்வே பாலத்துக்குக் கீழே. நேற்று பதினொரு நிமிடம் முடிந்த இடம் ஒரு குறுக்குத் தெரு. பச்சை இரும்புக் கேட் போட்ட வீடு, உள்ளே சைக்கிள் ஒன்று சாய்ந்திருந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். உள்ளிருந்து ஒரு பெண் வந்து, "யாரு பேக்கு அஜ்ஜா?" என்றாள். யார் வேண்டும் தாத்தா என்று. சும்மா நடக்க வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். "மகளு" என்றேன். மகளைத் தேடி வந்த கிழவன், வீடு தவறி நிற்கிறான் என்று அவள் எண்ணிக்கொண்டாள். கேட்டைத் திறந்து வெளியே வந்து, அக்கறையாக, "ஹெசரேனு?" என்று பெயர் கேட்டாள்.

படிவத்தில் தட்டச்சு செய்திருக்கிறேன், கடிதத்தில் படித்திருக்கிறேன். வாய் திறந்து சொல்லிப் பதினாலு வருடம் ஆகிறது. "செல்வி" என்றேன்.

அந்தப் பெயரில் இந்தத் தெருவில் யாரும் இல்லையே, தமிழர்கள் அடுத்த குறுக்குத் தெருவில் இரண்டு மூன்று வீட்டில் இருக்கிறார்கள், அங்கே கேட்டுப் பாருங்கள் என்று கன்னடத்தில் சொல்லி, முனை வரை வந்து வழி காட்டினாள். நான் அவள் காட்டிய பக்கமே நடந்தேன்.